நரி சொன்ன ரகமும் கழுதை விதைத்த கிழங்கும்

ஒரு காட்டில் ஒரு நரி இருந்தது. இதைச் சொன்னதுமே நீங்கள் ஒரு முடிவுக்கு வந்திருப்பீர்கள். நரி யாரையோ ஏமாற்றப்போகிறது, கடைசியில் மானம் போய் ஓடப்போகிறது, அப்படித்தானே? உங்கள் மேல் தப்பில்லை. நம்மை அப்படி வளர்த்திருக்கிறார்கள். அந்தக் காட்டு மிருகங்களையும் அப்படித்தான் வளர்த்திருந்தார்கள். அதனால் வந்த வினையைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

நரியின் பெயர் நஞ்சப்பன். உத்தியோகம், விதை ஆலோசகர். காட்டின் நடுவில் யானைகள் நடத்துகிற சர்க்கரை ஆலை ஒன்று இருந்தது. முன்பெல்லாம் அதில் கரும்பு ஆட்டினார்கள். ஆட்டிய கரும்பைவிட யானைகள் தின்ற கரும்புதான் அதிகம் என்று ஒரு பேச்சு உண்டு. நமக்கெதற்கு யானையோடு பொல்லாப்பு? ஆறு வற்றியது, கரும்பும் போயிற்று. கரும்புக்கு வேண்டிய தண்ணீரில் பாதி போதும், பாதிக் காலத்தில் விளைந்துவிடும் என்று சர்க்கரைக்கிழங்கைக் கொண்டுவந்தார்கள். பார்க்க வெள்ளை பீட்ரூட் மாதிரி இருக்கும். பிழிந்து காய்ச்சினால் சர்க்கரை.

அதில் இரண்டு வீரிய ஒட்டு ரகங்கள் ஆலைக் கிடங்கில் வந்து இறங்கின. ஒன்றின் பெயர் யானைத்தலை. இன்னொன்று தேன்துளி. எந்த விதை என்பதை நிலம்தான் முடிவு செய்யும் என்பது நஞ்சப்பனுக்குத் தெரியும். முறையாகப் படித்த நரி அது. தண்ணீர் நிற்காத மேட்டுச் செம்மண் என்றால் யானைத்தலை போட வேண்டும், கிழங்கு காலை நீட்டிப் பெருக்கும். மழை பெய்தால் தண்ணீர் தேங்குகிற பள்ளத்துக் களிமண் என்றால் தேன்துளி போட வேண்டும். உருவம் சிறுத்தாலும் ஈரத்துக்கு அழுகாது. மாற்றிப் போட்டால் மேட்டில் தேன்துளி எலிவாலாக இளைக்கும், பள்ளத்தில் யானைத்தலை கூழாகிவிடும். அவ்வளவுதான் சங்கதி. ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம்.

ஆலோசனை அலுவலகம் திறந்த அன்று வரிசை நீண்டுகொண்டே போனது. டோக்கன் கொடுத்தார்கள். முள்ளம்பன்றிக்குப் பின்னால் மட்டும் யாரும் நெருக்கி நிற்கவில்லை. ஆமையின் டோக்கனைக் கூப்பிட்டு, அது ஜன்னலுக்கு வந்து சேர்வதற்குள் அலுவலகத்தைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

முதல் ஆளாக வந்தது முயல் கொழந்தசாமி. அதற்கு இருந்தது மேட்டுக்காடு; விளைநிலத்தையும் அங்கே காடு என்றுதான் சொல்வார்கள்.

“யானைத்தலை போடுங்க,” என்றது நரி.

“ஆகட்டுமுங்க. நீங்க சொன்னா அதுக்கு மேல அப்பீல் ஏது?” என்று முயல் பணிவாகக் கும்பிட்டது.

வெளியே வந்ததும் புளியமரத்தடியில் நின்று காதை ஆட்டி ஆட்டிச் சிரித்தது. “யானைத்தலை போடோணுமாம்! நரி சொல்லுமாம், நாம போடோணுமாம்! நாம என்ன நேத்துப் பொறந்தவிங்களா?” என்று சொல்லிவிட்டு நேராகக் கிடங்குக்குப் போய்த் தேன்துளி விதையை வாங்கிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தது.

பின்னால் வந்த காட்டுப்பன்றி பெரியண்ணனும் அப்படியே செய்தது. அதற்குப் பின்னால் வந்த முள்ளம்பன்றியும் அப்படியே. நரி முகத்தில் விழித்தால் அதிர்ஷ்டம் என்பார்கள். அந்தக் காட்டில் எல்லோரும் நரி முகத்தில் விழித்தார்கள், நரி வாயிலிருந்து வந்ததை மட்டும் வாசலிலேயே உதறிவிட்டுப் போனார்கள்.

அறுவடை எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மேட்டில் எலிவால், பள்ளத்தில் கூழ். புளியமரத்தடியில் கூட்டம் கூடியது.

“நரி என்ன போடச் சொன்னான்?” என்று பெரியண்ணன் கேட்டது.

“யானைத்தலை போடச் சொன்னான்,” என்றது முயல்.

“நீ என்ன போட்டே?”

“தேன்துளி.”

“அப்ப நரி சொன்னது சரிதானுங்களே?” என்றது ஆமை. அது அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது, காட்டின் நிலவரம் அதற்குத் தெரியாது.

முயல் கோபத்தில் குதித்தது. “அங்கதான்யா இருக்குது தந்திரம்! நாம நம்பமாட்டோம்னு தெரிஞ்சுக்கிட்டே உண்மையைச் சொல்லி ஏமாத்திப்போட்டான்!”

எல்லோரும் ‘அட!’ என்று வாயைப் பிளந்தார்கள். இப்படி ஒரு வஞ்சகத்தை அதுவரை யாரும் கேள்விப்பட்டதில்லை. இனிமேல் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டுவிட்டுக் கலைந்தார்கள். ஆலைக்கும் கோபம். இனிப் புதிதாக நிலம் பெறுகிறவர் முதல் அறுவடையில் நல்ல கிழங்கைக் கொண்டுவந்து காட்ட வேண்டும், இல்லாவிட்டால் நிலம் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று யானைகள் சட்டம் போட்டுவிட்டன.

நஞ்சப்பனுக்கு அந்த நிலங்களின் மேல் உண்மையிலேயே அக்கறை இருந்தது. நரிக்கு அக்கறையா என்று நீங்கள் சிரிக்கலாம். அந்தக் காட்டில் குடியேற உங்களுக்கு எல்லாத் தகுதியும் இருக்கிறது. நரி யோசித்தது, யோசித்தது. நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் போனால் சரி என்று ஒரு பழமொழி உண்டல்லவா? நஞ்சப்பன் இடத்தை வலம் என்றும் வலத்தை இடம் என்றும் சொல்ல ஆரம்பித்தது.

மேட்டுக்காட்டுக்காரர்களிடம் தேன்துளி போடச் சொன்னது. பள்ளக்காட்டுக்காரர்களிடம் யானைத்தலை போடச் சொன்னது. அவர்கள் கும்பிட்டார்கள், புளியமரத்தடியில் சிரித்தார்கள், தலைகீழாக விதைத்தார்கள். காடு செழித்தது. ஆலையில் புகை நிற்கவே இல்லை.

“உன்ற தந்திரமெல்லாம் எங்ககிட்டப் பலிக்குமா?” என்று முயல் வழியில் பார்க்கும்போதெல்லாம் கேட்கும். நஞ்சப்பன் தோற்றுப்போனவன் மாதிரி பல்லைக் கடித்துக் காட்டும். அப்படிக் காட்டினால்தான் அடுத்த விதைப்புப் பட்டத்துக்கும் வேலை நடக்கும். ஆனால் உள்ளுக்குள் அதற்கு வருத்தம்தான். ஒரே ஒரு தடவை, யாராவது ஒருத்தர், ‘நீ சொன்னது சரி’ என்று சொல்லமாட்டாரா என்று ஏங்கியது. கெட்ட பெயரைச் சுமந்துகொண்டு நல்லது செய்வது பெரிய தியாகம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர்களில் யாரும் அதைச் செய்து பார்த்தவர்களாகத் தெரியவில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் பாவாத்தாள் வந்தது. பாவாத்தாள் ஒரு கழுதை. செங்கல் சூளையில் கல் சுமந்த கழுதை. முதுகில் மயிர் முளைக்காத தழும்புகள் இருந்தன. சூளைக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு பட்டத்துக்கு மட்டும் விடுப்பு வாங்கி, ஆலைக்கு மனுப் போட்டு, யாரும் விரும்பாத ஒரு பள்ளக்காட்டைப் பெற்றிருந்தது. கிழங்கு விளைந்தால் நிலம் அதற்கு. விளையாவிட்டால் பழையபடி சூளை.

அது வரிசையில் நின்றபோது முயல் பக்கத்தில் இருந்தவர்களிடம், “கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? இதுல இதுக்குச் சர்க்கரைக்கிழங்கு வேற!” என்றது. பாவாத்தாளின் காது நீளமானது. கேட்டும் கேட்காத மாதிரி நின்றது.

“என்ன மண்ணு அம்மிணி?” என்று கேட்டது நரி.

“பள்ளக்காடுங்கண்ணா. களிமண்ணு. மழை பேஞ்சா தண்ணி போறதுக்கு வழியில்லீங்க.”

தேன்துளி என்று நரியின் மனம் சொன்னது. ஆகவே வாய், “யானைத்தலை போடு அம்மிணி,” என்றது.

“செரிங்கண்ணா. மகராசனா இருங்க.”

பாவாத்தாள் வெளியே வந்தது. புளியமரத்தடியில் நிற்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. நேராகக் கிடங்குக்குப் போய் யானைத்தலை விதையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டது.

நாற்று வயதைத் தாண்டி, செடி இலை விரித்து, மண்ணுக்குள் கிழங்கு திரளுகிற பருவத்தில் நஞ்சப்பன் காடு காடாகப் பார்வையிடப் போனது. பாவாத்தாளின் காட்டுக்கு வந்தபோது பயிர் பச்சைப் பசேலென்று நின்றது. வரப்பெல்லாம் செதுக்கி, ஒரு களை இல்லாமல் வைத்திருந்தது கழுதை. நரிக்கு மனம் குளிர்ந்தது. குனிந்து ஓர் இலையைப் புரட்டியது. இலைக்காம்பில் மெல்லிய சிவப்பு ஓடியிருந்தது. யானைத்தலைக்குத்தான் அப்படி ஓடும்.

நரி அவசரமாக அடுத்த செடியைப் புரட்டியது, அதிலும் அதே சிவப்பு. “அம்மிணி, இது என்ன ரகம்?”

“நீங்க சொன்ன ரகந்தானுங்கண்ணா.”

“நான் சொன்னதையா போட்டே?”

“பின்ன, உங்களைக் கேட்டுப்போட்டு வேற யாரு சொன்னதைப் போடறது?”

“அட கெரகமே! நான் நரி, அம்மிணி! நரி சொன்னதை யாராச்சும் அப்படியே செய்வாங்களா? உனக்குச் சின்ன வயசுல யாரும் கதை சொன்னதில்லையா?”

“சொல்லியிருக்கறாங்கண்ணா,” என்றது பாவாத்தாள். “அதுல எல்லாத்துலயும் கழுதை முட்டாளு. சூளையில நான் பார்த்திருக்கறேன். எந்த அடுக்கு வெந்துச்சு, எந்த அடுக்கு வேகலைன்னு மோந்து பார்த்தே சொல்லிப்போடுவேன். நான் முட்டாளு இல்லீங்க. என்னைப் பத்திச் சொன்னது பொய்யின்னா, உங்களைப் பத்திச் சொன்னது மட்டும் எப்படிங்கண்ணா நெசமா இருக்கும்?”

நரி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டது. இத்தனை காலம் ஏங்கிக்கொண்டிருந்த ஒன்று, வரவே கூடாத இடத்தில் வந்து நின்றது. பிறகு நரி கழுதையிடம் நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னது. முதலில் உண்மை சொன்னதை, அதற்கு வசவு வாங்கியதை, அப்புறம் தலைகீழாகச் சொன்னதை, அதனால் காடு செழித்ததை.

பாவாத்தாள் தன் பயிரைத் திரும்பிப் பார்த்தது. “அப்ப இந்தப் பயிரு?” என்று மட்டும் கேட்டது.

“மழை பேஞ்சு தண்ணி நின்னா அழுகிப்போகும்.”

இருவரும் மேற்கே பார்த்தார்கள். மலைக்கு மேல் மேகம் கருத்துக் கிடந்தது.

“நான் திரும்பச் சூளைக்குப் போகமாட்டேனுங்கண்ணா,” என்றது கழுதை. அது அழவில்லை. அழுதிருந்தால்கூட நரிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒரே வழிதான் இருந்தது. செடி நிற்கிற பார்களுக்கு நடுவே ஆழமாக வடிகால் வெட்டி, தண்ணீர் ஒரு பொழுதுகூட நிற்காமல் ஓடைக்கு இறக்கிவிட வேண்டும். நரி அங்கேயே மண்ணைப் பறிக்க ஆரம்பித்தது. கழுதையும் குளம்பால் கிளறியது. நாக்குத் தள்ளியதுதான் மிச்சம். வெட்டிய தூரம் ஒரு பாயின் நீளத்துக்கு மேல் வரவில்லை. காடோ பெரியது, மேகமோ நெருங்கிக்கொண்டிருந்தது.

“யாரையாச்சும் ஒத்தாசைக்குக் கூப்பிடலாமுங்களா?” என்றது பாவாத்தாள்.

“நான் கூப்பிட்டு யாரு வருவா அம்மிணி...” என்று சொல்லிக்கொண்டே வந்த நரி பாதியில் நிறுத்தியது. எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டது. சட்டென்று புளியமரத்தைப் பார்த்து நடையைக் கட்டியது.

புளியமரத்தடியில் வழக்கம்போல எல்லோரும் இருந்தார்கள். நஞ்சப்பன் ஒரு கல்லின் மேல் ஏறித் தொண்டையைச் செருமியது.

“எல்லாருக்கும் ஒரு அறிவிப்புங்க. பாவாத்தா காட்டுல யாரும் வடிகால் வெட்டக்கூடாது. மழைத் தண்ணி முச்சூடும் நின்னு ஊறோணும். அப்பத்தான் கிழங்கு பெருக்கும். ஒருத்தரும் அந்தப் பக்கம் மண்வெட்டியோட போகாதீங்க. நான் அந்தக் கழுதை நல்லதுக்குத்தான் சொல்றேன்!”

சொல்லிவிட்டு இறங்கிப் போய் ஒரு புதருக்குப் பின்னால் ஒளிந்து நின்றது.

முயல் கண்ணைச் சிமிட்டியது. “கேட்டீங்களா? கழுதை நல்லதுக்காம்!”

“பாவம்யா அந்தக் கழுதை,” என்றது முள்ளம்பன்றி. “வாயில்லாச் சீவன். அதும் நெலத்தை அமுக்கப் பார்க்கறான்.”

“உடக்கூடாது!” என்றார்கள் எல்லோரும்.

மறுநாள் காலை வெயில் ஏறுவதற்குள் காடே திரண்டு பாவாத்தாளின் பள்ளத்தில் இறங்கியது. காட்டுப்பன்றிகள் கோரைப்பல்லால் கீறிக்கொண்டு போயின. பெருச்சாளிகள் அந்தக் கீறலை ஆழமாக்கின. முயல்கள் பின்னங்காலால் மண்ணை வாரி இறைத்தன. கற்பூர வாசனை பேசிய கொழந்தசாமிதான் எல்லோருக்கும் முன்னால் நின்று வெட்டியது. நல்ல மனசுக்காரர்கள்தான் பாருங்கள். அதைக் கிளப்பிவிட ஒரு நரி மட்டும் வேண்டியிருக்கிறது.

நடுவில் ஒரு கண்டம் வந்தது. பெரியண்ணன் வெட்டுவதை நிறுத்திவிட்டுத் தலையைச் சொறிந்தது.

“மாப்ள, எனக்கொரு ரோசனை. நரி சொன்னா நாம எதிராச் செய்வோம்னு அவனுக்குத் தெரியுமில்ல?”

“தெரியும்.”

“அப்ப வெட்டாதீங்கன்னு சொன்னா வெட்டுவோம்னும் தெரியும். அப்படின்னா நாம வெட்டறதுதானே அவன் திட்டம்? வெட்டாம உட்டுட்டா?”

பன்றிகள் எல்லாம் வேலையை நிறுத்தின. பள்ளத்தின் ஓரத்துப் புதருக்குப் பின்னால் வந்து ஒளிந்திருந்த நரி இலையை விலக்கி எட்டிப் பார்த்தது. பாவாத்தாள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தது. மேகம் அதற்குள் பாதி வானத்தை மூடியிருந்தது.

முயல் ரொம்ப நேரம் யோசித்தது. “இல்ல மாமா,” என்றது கடைசியில். “நாம இப்படி யோசிப்போம்னும் அவனுக்குத் தெரிஞ்சிருக்கும். அப்பறம் நாம வெட்டறதா, மூடறதா? இதெல்லாம் பெரிய படிப்புப் படிச்சவிங்க வேலை. நமக்கு ஒரே கணக்கு. நரி சொன்னா எதிரு. எங்கப்பன் அப்படித்தான் பண்ணினாரு, நானும் அப்படித்தான். வெட்டு மாமா!”

பெரியண்ணனுக்கும் அதுவே வசதியாகப் பட்டது. மறுபடி கோரைப்பல்லை மண்ணில் பாய்ச்சியது. கடைசி வாய்க்கால் ஓடையில் போய்ச் சேர்ந்தபோது முதல் துளி விழுந்தது. நஞ்சப்பன் புதரிலிருந்து ஓடிவந்து, “அய்யோ, என்ற திட்டமெல்லாம் போச்சே!” என்று மார்பில் அடித்துக்கொண்டது. கொஞ்சம் அதிகமாகவே அடித்துக்கொண்டது. மிருகங்கள் நனைந்துகொண்டே கைதட்டின.

மழை விடாமல் அடித்தது. விழுந்த தண்ணீரெல்லாம் வாய்க்கால் வழியே ஓடைக்கு ஓடியது. ஓரத்தில் சில கிழங்குகள் அழுகின, மற்றவை தப்பின.

அறுவடைக்குப் பிறகு பாவாத்தாள் தன் முதுகிலேயே கிழங்கைச் சுமந்துகொண்டு ஆலைக்குப் போய் வரிசையில் நின்றது. சுமை சூளைக் கல்லைப் போலவே கனத்தது. ஆனாலும் அது காதை விறைப்பாகத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றது. ஆலை மேலாளர் யானை சடையப்பன் ஒரு கிழங்கை வெட்டி, சாற்றில் ஒரு சொட்டு எடுத்துச் சர்க்கரை அளக்கும் கருவியில் விட்டு, அளவைப் பார்த்தது. கருவி சொன்னதை நம்பாமல், மீதிக் கிழங்கை வாயில் போட்டு மென்றும் பார்த்தது.

“நல்ல கிழங்கு. நெலம் உன்றதுதான் அம்மிணி,” என்றது யானை. “பள்ளக்காட்டுல யானைத்தலை போட்டு எடுத்த மொத ஆளு நீதான். யாரு சொன்ன ரோசனை இது?”

எல்லாத் தலைகளும் கழுதைப் பக்கம் திரும்பின. பின்வரிசையில் நரி நின்றுகொண்டிருந்தது. பாவாத்தாள் அதைத் திரும்பிப் பார்த்தது. உண்மையைச் சொல்ல அதற்கு நாக்குத் துடித்தது. ஊரறிய ஒரு தடவை நன்றி சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது. நரி தலையை லேசாக ஆட்டியது, வேண்டாம் என்று.

“நரி ஒண்ணு சொன்னானுங்க,” என்றது பாவாத்தாள். “நான் அவன் பேச்சை நம்பவே இல்லீங்க.”

கூட்டம் ஆரவாரம் செய்தது. முயல் ஓடிவந்து, “இவதான் நம்ம ஆளு!” என்று கழுதையின் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

எல்லோரும் போன பிறகு பாவாத்தாள் நரியிடம் வந்தது. “கோவிச்சுக்காதீங்கண்ணா. உங்க பேச்சு நாலு பேருக்குப் பிரயோசனப்படோணும்னா உங்களுக்குக் கெட்ட பேரு இருந்தாகோணும். அதை நான் கெடுக்கலாமுங்களா?”

நஞ்சப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டது. யாராவது பார்த்தால் நீலிக்கண்ணீர் என்று சொல்லிவிடுவார்கள். அதுவரை தனக்குக் கிடைத்த வசவுகளிலேயே மிக நல்ல வசவு, கழுதை ஊரறியச் சொன்ன ‘நம்பவே இல்லீங்க’தான் என்று அதற்குத் தோன்றியது.

அடுத்த பட்டம் வந்தது. பாவாத்தாள் மறுபடி வரிசையில் நின்று, ஜன்னலுக்குள் தலையை நீட்டி, மெதுவாகச் சொன்னது: “அண்ணா, நான் நம்பறவ. நேராச் சொல்லுங்க.”

“நெசமாவா?” என்று நரி சந்தேகத்தோடு கேட்டது. அதுவும் அதே காட்டில் வளர்ந்ததுதானே.

“நெசமாத்தானுங்கண்ணா.”

நரி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தேன்துளி என்று கிசுகிசுத்தது. பாவாத்தாள் வெளியே வந்தது. புளியமரத்தடியில் முயல் காத்துக்கொண்டிருந்தது.

“என்ன சொன்னான் அம்மிணி?”

“யானைத்தலை போடச் சொன்னானுங்க.”

“நீ என்ன போடப்போறே?”

“தேன்துளிங்க.”

“கெட்டிக்காரி!” என்றது முயல். பாவாத்தாளும் மரத்தடியில் நின்று முயலோடு சேர்ந்து கொஞ்சம் சிரித்துவிட்டுக் கிடங்குக்குப் போனது.

நீதி: ஒருவரை நம்புவதாக இருந்தால், அவருக்கு முன்கூட்டியே தகவல் தெரிவிக்கவும்.